மேடையில் கைமாறிய வயலின்

அத்தியாயம் 14

"போனை எடும்மா. ரெண்டே வார்த்தை. சுருதி ஏறுது, தந்தியைப் பார்த்துக்கோ. அவ்வளவுதானே?"

ஜெனிஷா வாயில் பிரஷ்ஷோடு நின்றாள். இருதயம்மாள் இட்லித் துணியை உரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலைப் பூசைக்குப் போய் வந்த புடவையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"அம்மா, உன்னைத்தான்."

"வாயைக் கொப்புளிச்சுட்டு வந்து பேசு."

"கொப்புளிச்சுட்டு வந்தா மட்டும் கேட்டுருவியாக்கும்!"

முந்தின நாள் நடந்ததை மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பதினேழு வருஷம் கழித்து வியன்னாவிலிருந்து வந்திறங்கிய இருதயம்மாளின் தம்பி ஜெப்ரி, சனிக்கிழமை சாயங்காலம் புலியகுளத்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். உலகத்துப் பெரிய மேடைகளிலெல்லாம் தனி வயலின் வாசிக்கிறவன். பத்திரிகைகளில் படம் வருகிறவன். தட்டில் கோழிக் குழம்பு விழுந்ததுமே கேட்டுவிட்டான்.

"அப்பா வயலினைக் கொடுத்துரு அக்கா. நாளைக்கு நான் அதுலதான் வாசிக்கப்போறேன்."

"அது என்னோடது."

"கான்வென்ட்ல அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்க தலைமேல தட்டித் தட்டி ஸ்வரம் சொல்லித்தர்றே. அதுக்கு அந்த வயலினா?"

"அப்பாவை அடக்கம் பண்ணின அன்னைக்குப் பெட்டி தூக்க ஆள் பத்தலை. அன்னைக்கு வராத கை, இன்னைக்கு வயலினைத் தூக்க வந்துருச்சா?"

ஜெப்ரி தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். குழம்பு அப்படியே கிடந்தது. வாசலில் நின்ற கார் கிளம்பிய சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அன்று மத்தியானம்தான், ஒத்திகை முடிந்த கையோடு, இசைக்குழுவை நடத்துகிற கோவிந்தராஜுலு இருதயம்மாளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். எழுபது வயது. ராணுவத்தில் பேண்டு மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"டீச்சர், நாளைக்கு மில் பேண்டு ஆளுங்க வாராங்க. இன்னைக்கு ஷிப்டு, அதனால ஒத்திகைக்கு வரலை. அவங்க ஊதற ஓபோ, கிளாரினெட்டு எல்லாம் வெள்ளைக்காரன் பட்டாளத்துல வெச்சிருந்ததுங்க. சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏத்தம். அதை இறக்க முடியாது. நாமதான் தந்தியை ஏத்திக்கணும்."

"நமக்குத் தெரிஞ்சதுதானுங்களே."

"நமக்குத் தெரியும். உங்க தம்பிக்குத் தெரியாது. அவரு தந்தியெல்லாம் நம்ம இரும்புக் கம்பி மாதிரி இல்லீங்க. இன்னைக்கே புதுசு மாட்டி, ஏத்தி வெச்சுப் பழக்கினாத்தான் தாங்கும். மேடையில திடீர்னு முறுக்கினா என்ன ஆகும்? வயலின்காரங்கள்ல முதல் நாற்காலி நீங்க. சொல்ல வேண்டியது உங்க பொறுப்பு. இன்னைக்கே சொல்லிப்போடுங்க."

"சொல்லிடறனுங்க" என்றுதான் இருதயம்மாள் வந்தாள். சொல்லத்தான் கோழி அடித்துச் சமைத்தாள். அதற்குள் அவன் வாயைத் திறந்துவிட்டான்.

கொப்புளித்துவிட்டு ஜெனிஷா மறுபடியும் வந்தாள். பீளமேட்டில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். வயலினைத் தொடுகிற பழக்கம் கிடையாது. எதையும் நேராகக் கேட்கிற பழக்கம் மட்டும் உண்டு.

"ஓட்டல் நம்பர் வேணுமா? நான் போட்டுத் தர்றேன்."

"உங்கப்பா ஈரோட்டுல டூட்டி முடிஞ்சு ராத்திரிதான் வருவாரு. அவருக்கு மூடி வை. இட்லி ஆறிப்போகும்."

"மேடையில மாமாவுக்குத் தந்தி அறுந்தா?"

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. உலகத்தையே ஜெயிச்சவனுக்கு ஒரு தந்தி பெரிசா?"

"அப்ப வேணும்னேதான் சொல்லாம இருக்கே."

இருதயம்மாள் கையில் இருந்த துணியை ஓங்கித் தண்ணீரில் போட்டாள். தெறித்த தண்ணீர் போன் மேல் பட்டது. முந்தானையால் அதைத் துடைத்தாள். நம்பர் மட்டும் சுற்றவில்லை.

*

நாலு மணிக் கச்சேரிக்கு மூன்றரைக்கே பீளமேட்டுக் கல்லூரி மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மில் முதலாளிகள், ஆயர் இல்லத்துச் சாமியார்கள், பட்டுப்புடவைகள். பின்னால் புலியகுளம் பங்கே திரண்டு வந்திருந்தது. மில் ஃபிட்டர் பாக்கியசாமியின் மகன் வாசிக்கப்போகிறான், அதுவும் அக்காளும் தம்பியும் ஒரே மேடையில் என்றால் சும்மாவா?

முப்பத்திரண்டு பேர் குழுவில் இருதயம்மாளுக்கு முதல் நாற்காலி. கோவிந்தராஜுலுவின் இடது கைப் பக்கம். பக்கத்து நாற்காலியில் பேங்க் கிளார்க் லட்சுமணசாமி. அவள் தோளில் அப்பாவின் வயலின். வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கடைசி ஆறு மாதம் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது, "இனி நீ வாசி இருதயா" என்று அவள் மடியில் வைத்தார். சாட்சிக்கு ஆள் இல்லை. மருந்து பாட்டில்கள்தான் இருந்தன.

அவள் எழுந்து நின்றாள். மில் ஓபோக்காரர் ஒற்றை ஸ்வரத்தை நீட்டினார். தந்தி வாத்தியங்களெல்லாம் அந்த ஏற்றத்துக்கு ஏறின.

கைதட்டலோடு ஜெப்ரி வந்தான். கறுப்பு கோட்டு. காதோரம் நரை. அக்காளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான், ஊர் பார்க்கிறதே என்பதற்காக. ஓபோ இன்னொரு தடவை ஊதியது. ஏற்றச் சுருதியைக் கேட்டதும் அவன் முகம் மாறும் என்று இருதயம்மாள் எதிர்பார்த்தாள். மாறவில்லை. நாலு முளையையும் நிதானமாக முறுக்கி ஏற்றினான்.

'அவ்வளவு திமிரு' என்று நினைத்துக்கொண்டாள்.

தனி வயலினும் குழுவும் சேர்ந்து வாசிக்கிற கன்செர்ட்டோவின் முதல் பகுதி முடிந்தது. இரண்டாம் பகுதி முடிந்தது. அவன் வாசிப்பைப் பற்றிக் குறை சொல்ல அவளால் முடியவில்லை. அதுவே ஒரு எரிச்சலாக இருந்தது. தந்தியும் அறுகிற வழியாக இல்லை.

மூன்றாம் பகுதி வேகம். வில் மின்னிக்கொண்டு போனது. உச்சி ஸ்வரத்தில் அவன் ஏறி நின்றபோது பட்டென்று ஒரு சத்தம். 'ஈ' என்கிற மெல்லிய தந்தி சுருண்டு அவன் கன்னத்தில் அடித்தது.

கோவிந்தராஜுலுவின் கை நிற்கவில்லை. நிற்கக் கூடாது. தனி வாசிப்பவரின் தந்தி அறுந்தால் குழு தொடர்ந்து வாசிக்க வேண்டும். முதல் நாற்காலிக்காரர் தன் வயலினை அவரிடம் கொடுக்க வேண்டும். பக்கத்து நாற்காலி ஆள் தன்னுடையதை முதல் நாற்காலிக்காரரிடம் கொடுப்பார். தந்தி அறுந்த வயலினை அந்தப் பக்கத்து ஆள் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் புதுத் தந்தி மாட்டுவார். உலகத்தில் எந்த மேடையிலும் இதுதான் வழக்கம். கேள்வி கிடையாது.

இந்த வழக்கம் அவளுக்குத் தெரியாததா? இருபது வருஷமாகத் தெரியும். தந்தி அறும், அவன் முழிப்பான் என்பதுவரை நினைத்தவள், அதற்கு அடுத்தது என்ன என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து கோபம் அவளை நினைக்க விடவில்லை.

ஜெப்ரியின் கை நீண்டுவிட்டது.

இருதயம்மாள் வயலினை மார்போடு பிடித்தாள். ஒரு தாளம் போனது. இரண்டு போனது. கோவிந்தராஜுலுவின் புருவம் ஏறியது.

"கொடு அக்கா" என்றான் உதடு அசையாமல்.

"மாட்டேன்."

"ஆயிரம் பேரு பார்க்கிறாங்க."

நாலாவது தாளத்தில் கொடுத்தாள். கொடுக்கவில்லை, அவன் எடுத்தான் என்றும் சொல்லலாம். அவன் வயலின் லட்சுமணசாமிக்குப் போயிற்று, லட்சுமணசாமியுடையது அவள் மடிக்கு வந்தது. லட்சுமணசாமி குனிந்தபடி மேடைக்கு உள்ளே ஓடினார்.

அப்புறம் ஜெப்ரி அப்பாவின் வயலினில் வாசித்தான்.

அதை என்னவென்று சொல்ல? நாலு வருஷமாகத் தினம் அவள் தோளில் இருந்த மரம். அவளிடம் அது ஒரு நாளும் இப்படி வாயைத் திறந்ததில்லை. பின்வரிசையில் யாரோ "அடேயப்பா" என்றார்கள். லட்சுமணசாமியின் வயலினில் அவள் கை தானாக ஓடிக்கொண்டிருந்தது. காது அங்கேயே கிடந்தது. பிடுங்கிக்கொண்டவனைத் திட்டலாம். பிடுங்கியது அவன் கைக்கே பொருந்தி உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது?

முடிந்ததும் மண்டபம் எழுந்து நின்றது. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

ஜெப்ரி மைக்குக்கு வந்தான். வியன்னாக்காரன் என்ன இங்கிலீஷில் பேசப்போகிறானோ என்று முன்வரிசை நிமிர்ந்தது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க."

அந்த 'ங்க'வுக்கே கைதட்டல் பறந்தது.

"இப்ப நீங்க கேட்டது எங்கப்பா பாக்கியசாமி வயலினுங்க. எழுபத்தொம்பதுல எனக்கு ஒரு லெட்டர் போட்டாரு. நம்ம ஊரு மேடையில நீ வாசிக்கிற அன்னைக்கு இது உன் கைக்கு வரும்னு எழுதியிருந்தாரு. இன்னைக்கு வந்துருச்சு. கொடுத்தது யாரு தெரியுங்களா? எங்க அக்கா. அவங்களுக்கு ஒரு கை தட்டுங்க."

தட்டினார்கள். ஆயர் இல்லத்துச் சாமியார் எழுந்து நின்று தட்டினார். புலியகுளமே அவளைப் பார்த்துச் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு.

லெட்டரா? எந்த லெட்டர்? இத்தனை வருஷத்தில் ஒரு தடவை சொன்னானா?

அவன் வயலினை மறுபடி தோளில் வைத்தான். இன்னொரு உருப்படிக்கு வில் மேலே எழும்பியது.

இருதயம்மாள் எழுந்து நின்றாள். வணக்கம் சொல்லத்தான் எழுந்தாள் என்று கைதட்டல் இன்னும் பெரிசாயிற்று. அவள் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். விடுவிடுவென்று மேடைக்கு உள்ளே நடந்தாள்.

முதல் நாற்காலி எழுந்து போய்விட்டால் கச்சேரி முடிந்தது என்று அர்த்தம். பழக்கம் விடுமா? மில் ஓபோக்காரர் எழுந்தார், பின்னால் கிளாரினெட்டு, செல்லோ, வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து அவள் பின்னால் உள்ளே போனார்கள். கோவிந்தராஜுலு, "டீச்சர்... ஏனுங் டீச்சர்..." என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவே ஜெப்ரி தூக்கிய வில்லோடு நின்றான். விழாக் கமிட்டிக்காரர்கள்தான் பதறிப்போய்ப் பொன்னாடைகளைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினார்கள்.

*

மற்றவர்கள் பக்கவாட்டு நடையிலேயே கூடி நின்றார்கள். உள்ளறையில் லட்சுமணசாமி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து புதுத் தந்தியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டிப்போட்டனுங்க டீச்சர். யப்பா, என்னா வயலினுங்க இது! தொடவே பயமா இருக்குது. சார்கிட்ட கொண்டுபோய்க் குடுத்துருட்டுங்களா?"

"நான் குடுத்துக்கறேன். இந்தாங்க உங்களோடது."

ஜெப்ரியின் வயலின் பெட்டி பக்கத்திலேயே திறந்து கிடந்தது. இருதயம்மாள் வயலினை அதில் வைத்து மூடினாள். கையில் எடுத்துக்கொண்டாள். வாசலில் ஜெனிஷா நின்றிருந்தாள்.

"அம்மா, அது மாமாவோடது."

"தெரியும். நட."

"திருடிட்டுப் போறோமா?"

"அவன் ஆயிரம் பேரு முன்னாடி எடுத்தான். நான் உன் ஒருத்தி முன்னாடி எடுக்கறேன். நடடி!"

மேடையில் எட்டாவது பொன்னாடை விழுந்துகொண்டிருந்தபோது ஆட்டோ அவிநாசி ரோட்டில் ஏறிவிட்டது.

"நீ காலையில போன் பண்ணியிருந்தா தந்தியே அறுந்திருக்காது" என்றாள் ஜெனிஷா.

"பேசாம வா."

"அப்பிச்சி வயலினும் போயிருக்காது. நீயே வழி விட்டுட்டு அவரைத் திட்டறே."

"அவன் பக்கம் பேச உனக்கு என்ன கொடுத்தான்? சாக்லேட்டா?"

"ஆமா, ரெண்டு கிலோ."

"எறங்குடி கீழ!"

"ஏனுங்," என்றார் ஆட்டோக்காரர், "ஓரமா நிறுத்தட்டுங்களா? சண்டையை முடிச்சுட்டு வாரீங்களா?"

"நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க!" என்று அம்மாவும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

*

இன்னும் வெளிச்சம் இருந்தது. இருதயம்மாள் பெட்டியைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். கேட்டை உள்பக்கம் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டாள். முக்கால் மணி நேரத்தில் கார் வந்து நின்றது. ஜெப்ரி இறங்கினான். ஒரு பொன்னாடை இன்னும் தோளில் தொங்கியது. கன்னத்தில் தந்தி அடித்த சிவப்புக் கோடு.

"கேட்டைத் திற."

"அப்பா வயலின் எங்கே?"

"கார்ல இருக்கு."

"எடுத்துட்டு வா. உன்னோடதை வாங்கிட்டுப் போ."

"உள்ள இருக்கிறது என்னோடது இல்லை. ஒரு டிரஸ்ட்டு எனக்கு வாசிக்கக் கடனாக் கொடுத்தது. காலையில ஏழரைக்கு பிளேன். அதுல ஒரு கீறல் விழுந்தாலும் நான் காலி. விளையாடாதே."

"நானா விளையாடறேன்? மைக்கைப் பிடிச்சு நாடகம் போட்டது யாரு? லெட்டராம் லெட்டரு! அப்பா செத்து நாலு வருஷம் கழிச்சு ஒரு லெட்டரா?"

ஜெப்ரி கோட்டின் உள்பையிலிருந்து நீல ஏர்மெயில் கடிதம் ஒன்றை எடுத்துக் கம்பி இடுக்கில் நீட்டினான். மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுப் போட்டது. அப்பாவின் கையெழுத்துதான். வரிகள் எப்போதும்போல வலது பக்கம் இறங்கிக்கொண்டே போயின. மைக்கில் சொன்ன வரி இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது.

'ஆனால் அக்காளைக் கேட்டு வாங்கிக்கொள். அவள் மனசு கோணாமல் கேள்.'

"இந்த வரியை ஏன்டா மைக்குல சொல்லலை?"

"கேட்டேனே. நேத்து."

"அதுக்குப் பேரு கேக்கறதா? ஜப்தி பண்ண வந்தவன் மாதிரி பேசினே!"

"நீ மட்டும்? சவப்பெட்டியைச் சாப்பாட்டுத் தட்டுல வெச்சே. டிக்கெட் கிடைக்காம மூணு நாள் ஏர்போர்ட்லயே கிடந்தேன். ஏன் வரலைன்னு ஒரு தடவை கேட்டியா?"

அவள் கடிதத்தை மறுபடி பார்த்தாள். பின்னால் வாசற்படியில் ஜெனிஷா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சொல்லும்மா" என்றாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

இருதயம்மாளுக்குச் சுர்ரென்றது. மகள் வாயால் வருவதற்கு, தன் வாயாலேயே வரட்டும்.

"கேட்டுக்கோ. தந்தி அறுந்தது என்னாலதான். சுருதி ஏறும், உன்கிட்டச் சொல்லுன்னு பெரியவர் நேத்தே சொன்னாரு. நான் சொல்லலை. வேணும்னேதான் சொல்லலை. போய் ஊரெல்லாம் தமுக்கடி!"

ஜெப்ரி சிரித்தான். நல்ல சிரிப்பில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"காலையில எட்டு மணிக்குப் பெரியவர் ஓட்டலுக்குப் போன் பண்ணினாரு. சுருதி ஏறுது, தந்தியை மாத்தணும்னு அக்கா சொல்லிட்டாங்களான்னு கேட்டாரு. சொல்லிட்டாங்கன்னு சொன்னேன். உன் மானத்தைக் காப்பாத்தினேன். அப்புறம் பன்னெண்டு மணி வரைக்கும் புதுத் தந்தியைக் கையில வெச்சுக்கிட்டுப் போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிடுவே, கூப்பிட்டா மாட்டிக்கலாம்னு."

இருதயம்மாள் சாவியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"கூப்பிடலை. புதுசைத் தூக்கிப் பெட்டியில போட்டுட்டேன். மூணு மாசம் வாசிச்சுத் தேஞ்ச தந்தியோடயே மேடை ஏறினேன். அது அறுந்தா யாரு கையை நீட்டணும், யாரு கொடுக்கணும்னு எனக்கு மட்டும் தெரியாதா?"

மேடையில் நீண்ட அந்தக் கை, கண் சிமிட்டும் நேரம்கூடத் தயங்காத கை, மறுபடியும் இருதயம்மாள் முன்னால் நீண்டது போல இருந்தது.

"திட்டம் போட்டுப் பிடுங்கினே."

"உன் வாய்மேல நம்பிக்கை வெச்சுத் திட்டம் போட்டேன். அது திறக்காதுன்னு. திறந்திருந்தா, அப்பா சத்தியமா, அந்த வயலினை நான் தொட்டிருக்கமாட்டேன்."

காரின் டிரைவர் ரேடியோவை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெப்ரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நெருங்கி வந்தான். குரல் இறங்கியது.

"ஒண்ணே ஒண்ணு கேட்கறேன் அக்கா. ஏன் சொல்லலை? கோபம்னு சொல்லாதே. கோபம் வந்தா நீ கத்துவே. இது கோபமில்லை. உள்ளதைச் சொல்லு. இப்பவே கார்லயிருந்து எடுத்து உன் கையில கொடுத்துடறேன். அப்பா லெட்டரையும் கிழிச்சுப் போட்டுடறேன்."

சொல்லலாம். பதில் அவளுக்குத் தெரியும். காலையில் போனைத் துடைத்தபோதே தெரியும். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் வயலின் வீட்டுக்கு வந்துவிடும்.

"அம்மா..." என்றாள் ஜெனிஷா.

இருதயம்மாள் பூட்டை இழுத்துப் பார்த்தாள், பூட்டியிருக்கிறதா என்று.

ஜெப்ரி கம்பியிலிருந்து கையை எடுத்தான். அவள் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்துப் பைக்குள் வைத்தான்.

"சரி. உள்ள இருக்கிறதை நீயே வெச்சுக்கோ."

"மாமா, காலையில பிளேன்!" என்று ஜெனிஷா கேட்டுக்கு ஓடிவந்தாள்.

"என் மேல கேஸ் போடுவாங்க. போடட்டும் கண்ணு. பதினேழு வருஷம் ஊரான் வயலினை வாசிச்சாச்சு. இனிமே எங்கப்பாதை வாசிக்கறேன்."

கார்க் கதவைச் சாத்தினான். கார் பின்னுக்கு வந்து திரும்பியது. பின்சீட்டு ஜன்னலில், அப்பாவின் வயலின் இருந்த பழைய கறுப்புப் பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது.

'வாழ்க்கையில ஒரு தடவையாவது, இந்த ஊரு முன்னாடி, நீ தோத்து நான் பார்க்கணும்னு இருந்தேன்டா' என்ற சொல் அவள் வாய்க்கு வந்து சேர்ந்தபோது, கார் சர்ச் முக்கைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.